இங்கதான் என்றால் எங்கே?

போன ஜூன் மாதம், பள்ளிக்கூடங்கள் திறந்து கட்டணம் கட்டுகிற பரபரப்பில், எங்கள் சின்ன அலுவலகத்துக்கு ஒரு புகார் வந்தது. "பேரு வரமாட்டேங்குது, கட்டம் கட்டமா வருது." கூடவே ஒரு ரசீதின் புகைப்படம். தொகை, தேதி, ரசீது எண் எல்லாம் சரியாக இருந்தன. பெற்றோர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் வெறும் சதுரங்கள் வரிசைகட்டி நின்றன. ஆங்கிலத்தில் பெயர் எழுதிய பெற்றோருக்கு ஒரு குறையும் இல்லை, தமிழில் எழுதியவர்களுக்குத்தான் இந்தக் கட்டம். அதே பெயரை என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தால் கொம்பும் காலும் பிசகாமல் அழகாக வந்தது.

ரசீதை பிடிஎஃப் ஆக்குவது தலையில்லாத குரோம், அதாவது திரை இல்லாமல் செர்வரில் ஓடும் குரோம் உலாவி. கன்டெய்னருக்குள், அதாவது செர்வருக்குள் தனிக் கணினி போல ஒதுக்கிய ஒரு பெட்டிக்குள், உட்கார்ந்துகொண்டு, ரசீதுப் பக்கத்தைத் திறந்து, அச்சடித்து, மூடிவிடும். கட்டம் வருகிறது என்று கேட்டவுடனே யாரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: கன்டெய்னரில் தமிழ் எழுத்துரு இல்லை, ஒன்றைப் போட்டுவிடு. அரைமணி நேர வேலை. ஆனால் நாங்கள் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்புகிறோம். கன்டெய்னரில் எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெயர் வந்தாகவேண்டும். வரவில்லை என்றால் அனுப்பிய எழுத்துரு எங்கேயோ போய்ச் சேராமல் நிற்கிறது. அதைக் கண்ணால் பார்க்காமல் மேலே மருந்து தடவ எனக்கு மனமில்லை. இந்தப் பிடிவாதம் மூன்று நாளைத் தின்றது. அந்த மூன்று நாளும் நான் ரசீதைப் பார்க்கவே இல்லை, ரசீதைப் பார்க்க உதவும் கருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செர்வரில் ஓடும் குரோமுக்குள் எட்டிப்பார்க்க 9222 என்ற போர்ட், அதாவது எண் போட்ட ஒரு கதவு, இருக்கிறது. அதில் உலாவியின் டெவ்டூல்ஸ் என்ற பிழைதேடும் கருவி போய் ஒட்டிக்கொண்டால், நம் கணினியில் எஃப்12 அழுத்தியது போல எல்லாம் தெரியும். செர்வரின் வாசலில் ஏற்கெனவே என்ஜின்எக்ஸ் ரிவர்ஸ் பிராக்ஸியாக நிற்கிறது, வெளியே இருந்து வரும் கோரிக்கையை வாங்கி உள்ளே உரிய இடத்துக்குக் கடத்தும் ஆள். அதில் இன்னொரு பாதை சேர்த்து, ஒரு கடவுச்சொல் போட்டு, 9222க்குத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆறு வரி. டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டேன்.

முதலில் வந்தது 502, உள்ளே இருக்கும் ஆளிடமிருந்து சரியான பதில் இல்லை என்று பிராக்ஸி சொல்லும் எண். இது எனக்குக் கோபம் தராத பிழை, பழைய சிநேகிதன். குரோம் தன் கன்டெய்னருக்குள் 127.0.0.1இல், அதாவது உள்ளிருந்தே வரும் குரலுக்கு மட்டும் காது கொடுக்கும். பக்கத்துக் கன்டெய்னரிலிருந்து வரும் குரல் அதற்குக் கேட்காது. சோகேட் என்ற சின்னக் கருவியைக் குரோமின் கன்டெய்னருக்குள் வைத்து, 9223இல் வருவதை எல்லாம் உள்ளே இருக்கும் 9222க்குத் தள்ளச் சொன்னேன். 502 போனது. 500 வந்தது. கூடவே ஒரு வரி: கோரிக்கை யாரைத் தேடி வந்தது என்று சொல்லும் ஹோஸ்ட் ஹெட்டரில் உள்ளது ஐபி முகவரியும் இல்லை, 127.0.0.1இன் மறுபெயரான லோக்கல்ஹோஸ்ட்டும் இல்லை என்று.

கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் கம்போஸ் கோப்பில் அந்தக் கன்டெய்னருக்கு நான் வைத்த பெயர் குரோம். என்ஜின்எக்ஸ், வேறு ஏதும் சொல்லாவிட்டால், தான் யாரைத் தேடிப்போகிறதோ அந்தப் பெயரையே ஹோஸ்ட் ஹெட்டரில் வைத்து அனுப்பும். ஆக, உள்ளே இருக்கும் உலாவியைப் போய் "குரோம்" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது. குரோமுக்குக் குரோம் என்று கூப்பிட்டால் பிடிக்கவில்லை. வழக்கமாக எல்லோரும் எழுதுவது போல, வெளியே இருந்து வந்த டொமைன் பெயரையே உள்ளே கடத்தும் வரியைச் சேர்த்தேன். அதுவும் பிடிக்கவில்லை. சரி, உனக்குப் பிடித்த பெயரிலேயே கூப்பிடுகிறேன் என்று ஹோஸ்ட் ஹெட்டரை லோக்கல்ஹோஸ்ட்:9222 என்று மாற்றி எழுதினேன். உடனே திறந்துவிட்டது. ஜேசன் என்ற தரவு வடிவில் பதில் வந்தது, பதிப்பு எண் வந்தது. வெப்சாக்கெட், அதாவது இரண்டு பக்கமும் விடாமல் பேசிக்கொள்ளும் இணைப்பு, எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரியும் வந்தது. அன்று மாலை நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

ஏன் அந்தப் பெயரை மட்டும் கேட்கிறது என்று அப்போது யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. கதவு திறந்தபின் பூட்டைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்.

வராத கோரிக்கை

இரண்டாம் நாள் முழுக்க 404, நீ கேட்டது இங்கே இல்லை என்ற பதில். குரோமை ஸ்கிரிப்ட் எழுதி இயக்க உதவும் பப்பெட்டியரில் நாலு வரி எழுதி, என்ஜின்எக்ஸ் பாதையைக் கொடுத்து, ஒட்டிக்கொள் என்றால், வெப்சாக்கெட் திறக்கும் இடத்தில் 404 என்று திரும்பி வந்தது. வெப்சாக்கெட், ரிவர்ஸ் பிராக்ஸி என்ற இரண்டு சொற்களும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எல்லோர் கையும் ஒரே இடத்துக்குத்தான் போகும். அப்கிரேட் ஹெட்டர் அடுத்த ஆளுக்குத் தானாகக் கடத்தப்படாது, கனெக்ஷன் ஹெட்டரும் அப்படியே. நாமே கையால் எழுதி அனுப்பவேண்டும். எச்டிடிபி பதிப்பை 1.1 ஆக்கவேண்டும். 2013லிருந்து என்ஜின்எக்ஸ் வெப்சாக்கெட்டைத் தாங்குகிறது. அன்றிலிருந்து இந்த மூன்று வரிகளை உலகம் முழுக்க ஆட்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் எடுத்தேன். பாதையின் கடைசியில் சாய்கோடு போட்டேன், எடுத்தேன். வேறு இடத்திலிருந்து வேறு மூன்று வரிகளை எடுத்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து காலையில் எடுத்த வரிகளையே மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் மாறாமல் 404.

பொழுது சாய்ந்த பிறகுதான் என்ஜின்எக்ஸின் லாகை, வந்துபோன கோரிக்கைகளின் குறிப்பேட்டை, திறந்தேன். முதலில் திறந்திருக்கவேண்டியது அதைத்தான், தெரியும். ஜேசன் கேட்ட வரி இருந்தது, 200, எல்லாம் சரி என்று. அதன் கீழே ஒன்றுமே இல்லை. வெப்சாக்கெட் கோரிக்கைக்கு ஒரு வரிகூட இல்லை. முதலில் அதற்கும் சமாதானம் சொல்லிக்கொண்டேன்: வெப்சாக்கெட் உரையாடல் முடிந்தபிறகுதானே லாகில் வரி விழும். ஆனால் 404 என்பது முடிந்துபோன உரையாடல். அது விழுந்தே ஆகவேண்டும். விழவில்லை என்றால் அந்தக் கோரிக்கை என் செர்வருக்கு வரவே இல்லை. நாள் முழுக்க நான் திட்டிக்கொண்டிருந்த என்ஜின்எக்ஸ் என் வெப்சாக்கெட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அப்படியென்றால் எனக்கு 404 சொன்னது யார்?

கொஞ்சம் திகிலாகத்தான் இருந்தது. ஒருவர் வீட்டுக்குப் போன் செய்து, "அப்படி யாரும் இங்கே இல்லீங்க" என்ற பதிலை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு, ராத்திரிதான் தெரிகிறது, அவர் வீட்டுத் தொலைபேசி ஒரு தடவைகூட அடிக்கவில்லை என்று. ஜேசன் பதிலை மறுபடி எடுத்து, இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். வெப்சாக்கெட் முகவரி என்று குரோம் கொடுத்திருந்தது: லோக்கல்ஹோஸ்ட்:9222, அதன் பின்னால் டெவ்டூல்ஸ், உலாவி, ஒரு நீண்ட அடையாள எண். பப்பெட்டியர் சொல்பேச்சுக் கேட்கும் பிள்ளை. லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் போ என்று சொன்னார்கள், போனது. என் மடிக்கணினியின் லோக்கல்ஹோஸ்ட்டுக்கு. அங்கே, காலையில் வேறு எதற்கோ நான் திறந்துவைத்து மறந்த என்னுடைய குரோம் 9222இல் உட்கார்ந்திருந்தது. செர்வர் குரோமின் அடையாள எண்ணைக் கொண்டுபோய் அதனிடம் நீட்டினால், அப்படி யாரும் இல்லை என்று அது உண்மையைத்தான் சொன்னது. அந்தக் குரோம் மட்டும் திறந்திருக்காவிட்டால் "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று வந்திருக்கும், பத்து நிமிடத்தில் புரிந்திருக்கும். உதவி செய்யத் தயாராக ஒருவர் வீட்டில் இருந்ததால் ஒரு நாள் வீணானது.

குரோமுக்குத் தன் முகவரி தெரியாது. எந்தப் பெயரைச் சொல்லி நாம் கூப்பிட்டோமோ அதையே பதிலில் எழுதித் திருப்பித் தருகிறது. ஐபி முகவரி சொல்லிக் கூப்பிட்டால் ஐபி வரும். லோக்கல்ஹோஸ்ட் என்று கூப்பிட்டால் லோக்கல்ஹோஸ்ட். வாசலில் எச்டிடிபிஎஸ் இருக்கிறதே என்று பாதுகாப்பான வெப்சாக்கெட் முகவரியையும் தராது, ஏனென்றால் வாசல் ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. அதன் பார்வையில், பக்கத்தில் நிற்கும் ஒருவர் "இங்கே" என்று கூப்பிட்டார், அதுவும் "இங்கேதான்" என்று பதில் சொன்னது. நடுவில் என்ஜின்எக்ஸ் அந்த "இங்கே"யை அப்படியே மூட்டைகட்டி முந்நூறு மைல் தள்ளி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தது.

அம்மாவிடம் போனில் இதையேதான் இருபது வருஷமாக அனுபவிக்கிறேன். "பீரோ சாவி எங்கம்மா?" "இங்கதாண்டா இருக்கு." "இங்கன்னா எங்க?" "இங்கதான், நான் கை வெச்சிருக்கேன் பாரு." அம்மா பொய் சொல்லவில்லை. கை வைத்துத்தான் இருப்பார். அந்தச் சொல் போனில் பயணம் செய்யாது, அவ்வளவுதான். லோக்கல்ஹோஸ்ட்டை ஒரு முகவரி என்று நினைத்துத்தான் இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தேன். அது "இங்கே" என்ற சொல்லின் கணினி உச்சரிப்பு. சொல்கிறவர் மாறினால் இடம் மாறும். டாக்கர் வந்தபிறகு இது இன்னும் மோசம். முன்பெல்லாம் இரண்டு இங்கே இருந்தது, என்னுடையதும் செர்வருடையதும். இப்போது ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனித்தனியாக ஒரு இங்கே.

தமிழில் நமக்கு இது புதிதும் இல்லை. "மணி, நான் வரேன்னு சொன்னான்" என்று ஒருவர் வந்து சொன்னால், வரப்போவது மணியா, சொல்கிறவரா? மணி சொன்னதை அவன் வாயால் சொன்னபடியே எடுத்துவந்து "னு" போட்டு ஒட்டிவிடுகிறோம். கேட்கிறவர் சந்தர்ப்பத்தை வைத்துப் புரிந்துகொள்வார். ரிவர்ஸ் பிராக்ஸியும் இப்படி "னு" போடும் ஆள்தான். ஹெட்டரில் வரும் பெயர்களை மாற்றிச் சொல்லத் தெரியும், இடம்மாற்றும் பதிலில் வரும் முகவரியைக்கூட மாற்றிவிடும். ஆனால் ஜேசனின் வயிற்றுக்குள் இருக்கும் "இங்கே"யை நாம் தனியாகச் சொன்னால் ஒழியத் தொடாது. கேட்கிறவர் என் ஸ்கிரிப்ட். அதற்குச் சந்தர்ப்பமும் தெரியாது, சாடையும் தெரியாது.

எக்ஸ்டீபக் என்ற பிழைதேடும் கருவியைப் போட்டு பிஎச்பி மொழியில் எழுதிய காலத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு தொல்லை இருந்தது, அப்போது இதன் ஒன்றுவிட்ட தம்பி என்று தெரியவில்லை. எக்ஸ்டீபக்கில் நாம் செர்வருக்குப் போகமாட்டோம், செர்வர்தான் நம்மைத் தேடிவரும். நம் எடிட்டர் காத்துக்கொண்டிருக்கும். கூப்பிட்ட ஆளைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கூப்பிடு என்று ஒரு அமைப்பு உண்டு. நடுவில் ரிவர்ஸ் பிராக்ஸி இருந்தால், பிஎச்பியின் கண்ணுக்குக் கூப்பிட்ட ஆள் பிராக்ஸிதான். ஒரு கம்பெனியின் பொது எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்து, திருப்பி அடித்தால் வரவேற்பறைக்குப் போகுமே, அது போல. யார் கூப்பிட்டது என்று அவர்களுக்கும் தெரியாது. உண்மையான ஆளின் முகவரியை எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டரில் எழுதி அனுப்பினால்தான் எக்ஸ்டீபக் சரியான கதவைத் தட்டும். 2020இல் வந்த மூன்றாம் பதிப்பில் போர்ட் 9000லிருந்து 9003க்கு மாறியது. செர்வரில் பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மும் 9000இல் குடியிருந்ததால் வந்த வாடகைச் சண்டை அது. பழைய குறிப்புகளைப் பார்த்து 9000 என்றே எழுதிக்கொண்டு ஒரு வாரம் போக்கியதும் நான்தான்.

தாழ்ப்பாள்

சரி, புரிந்துவிட்டது. குரோம் தந்த முகவரியில் பெயரை வெட்டிவிட்டு, எங்கள் டொமைனையும் பாதையையும் நானே ஒட்டி, பப்பெட்டியரிடம் நேரடியாகக் கொடுத்தேன். ஒட்டிக்கொண்டது. என்ஜின்எக்ஸில், வெப்சாக்கெட் இணைந்தது என்று சொல்லும் 101 விழுந்ததைப் பார்த்தபோது எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். ஆனால் ஒரு நிமிடம் சும்மா இருந்தால் அறுந்துவிடும். எதிர்ப்பக்கத்திலிருந்து 60 விநாடி ஒன்றும் வராவிட்டால் என்ஜின்எக்ஸ் தானாக மூடிவிடும், அதன் வழக்கமான அளவு அது. சாதாரண வலைத்தளத்துக்கு நியாயம். ஓடும் நிரலைப் பிரேக்பாயின்ட்டில் நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிகிறவனுக்கு அநியாயம். யோசிக்க ஒரு நிமிடம்தான் என்று மேலே ஒரு வாத்தியார் நிற்பது போல. ஒரு மணி நேரம் என்று மாற்றினேன்.

மூன்றாம் நாள் காலை, செர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான், எங்கள் முதலாளிக்கும்.

"தம்பி, இந்த ஹோஸ்ட் லைன ஆரு எழுதுனது?"

"நாந்தானுங்க்கா. அத எழுதுனாத்தான் குரோம் பதில் சொல்லுது."

"ஏன் சொல்லமாட்டேங்குதுன்னு பாத்தீங்களா?"

"பாஸ்வேர்டு போட்டிருக்கறனுங்க்கா."

"அது செரி. அந்தப் பாஸ்வேர்டு எங்க இருக்குது?"

எங்கள் வாட்ஸாப் குழுவில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டுப் போன பையனும் அந்தக் குழுவில் இருந்தான்.

"ஊர்ல ஆரு வந்து கதவத் தட்டுனாலும், 'நான் வூட்டு ஆளுதானுங்க'ன்னு நீங்களே அவங்களுக்காக உள்ள போய்ச் சொல்றீங்க. அப்பறம் எதுக்குங்க தாழ்ப்பாளு?"

அந்த 500 ஏன் வந்தது என்று அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நாம் ஏதோ ஒரு கெட்ட தளத்தைத் திறக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தளத்தின் பெயருக்கு, இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ் முதலில் அதன் சொந்த செர்வரைக் காட்டும். சில விநாடி கழித்து அதே பெயரை 127.0.0.1 என்று மாற்றிவிடுவான் அதன் சொந்தக்காரன். உலாவிக்குப் பெயர் மாறவில்லை, ஆகவே அதே தளம்தான் என்று நினைத்து, அந்தப் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டை நம் கணினியின் 9222 போர்ட்டிடம் பேச அனுமதிக்கும். தெருவில் போகிறவன் நம் வீட்டு "இங்கே"க்குள் வந்துவிட்டான். அவனால் மாற்ற முடியாத ஒன்று உண்டு. கோரிக்கையின் ஹோஸ்ட் ஹெட்டரில் அவனுடைய பெயர்தான் இருக்கும், அதை உலாவி எழுதுகிறது, அவன் இல்லை. ஆகவே கருவி ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாய்? இதே ஓட்டை, ஜாவாஸ்கிரிப்ட்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸின் இன்ஸ்பெக்டரிலும் இருந்தது, 9229 போர்ட்டில். 2018 மார்ச்சில் சிவிஇ-2018-7160 என்ற பாதுகாப்பு ஓட்டை எண்ணோடு அடைத்தார்கள், இதே கேள்வியைக் கேட்டுத்தான். குரோம் அதோடு நிற்கவில்லை. 111ஆம் பதிப்பிலிருந்து, வலைப்பக்கத்திலிருந்து வரும் வெப்சாக்கெட் என்றால் எந்தத் தளத்திலிருந்து வருகிறாய் என்றும் கேட்கிறது. முன்கூட்டியே பெயர் கொடுத்து வைக்காவிட்டால் 403, அனுமதி இல்லை.

இரண்டு நாள் நான் இடைஞ்சல் என்று நினைத்து உடைத்துக்கொண்டிருந்தது இந்த ஒரு கேள்வியைத்தான். என் என்ஜின்எக்ஸ் வரி, உலகத்தில் யார் வந்தாலும் அந்தக் கேள்விக்குச் சரியான பதிலை அவர்கள் காதில் ஓதி அனுப்பியது. அந்த போர்ட்டை ஜன்னல் என்று நினைத்ததும் தப்பு. அதில் ஒட்டிக்கொண்டவர் குக்கீகளை எடுக்கலாம், எந்தப் பக்கத்திலும் எந்த ஸ்கிரிப்ட்டையும் ஓட்டலாம், கன்டெய்னருக்குள் இருக்கும் கோப்பைக் கோப்பு முகவரி போட்டே திறந்து படிக்கலாம், செர்வரின் உள்வலையில் வெளியாருக்குத் தெரியாத சேவைகளை அந்தக் குரோமை விட்டே விசாரிக்கலாம்.

அக்கா அதிகம் பேசவில்லை. என்ஜின்எக்ஸ் பாதையை அழிக்கச் சொன்னார். டாக்கரில் அந்த போர்ட்டைச் செர்வரின் 127.0.0.1இல் மட்டும் திறக்கச் சொன்னார், வெறும் எண்ணை மட்டும் எழுதினால் அது எல்லாப் பக்கமும் திறந்துகொள்ளும், மேலே யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் காவல் இருந்தாலும் டாக்கர் அதைத் தாண்டிப் போய்விடும் என்பதால். பிறகு, செர்வருக்குள் பாதுகாப்பாகப் போகும் எஸ்எஸ்எச் வழியாக ஒரு சுரங்கம் போட, என் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, எஸ்எஸ்எச், ஹைஃபன் எல், 9222, லோக்கல்ஹோஸ்ட், 9222, செர்வர் பெயர் என்று ஒரே வரி அடித்தார். அந்த முகவரியில் ஏற்கெனவே யாரோ இருக்கிறார்கள் என்று பிழை வந்தது. என் குரோம், இன்னும் அங்கேயே. அதை மூடினேன். சுரங்கம் திறந்தது.

அந்த வரியை நான் நூறு தடவை அடித்திருக்கிறேன். நடுவில் இருக்கும் லோக்கல்ஹோஸ்ட் என் மடிக்கணினியைக் குறிக்கவில்லை, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபின் செர்வர் புரிந்துகொள்ளும் லோக்கல்ஹோஸ்ட் அது என்று அன்றுதான் உறைத்தது. முன்னால் இருக்கும் 9222 என்னுடைய இங்கே, பின்னால் இருப்பது அதனுடைய இங்கே. இரண்டையும் ஒரு குழாய் வைத்து ஒட்டியாகிவிட்டது. இப்போது என் பக்கத்திலிருந்து லோக்கல்ஹோஸ்ட்:9222 என்று கூப்பிட்டால், குரோம் அதே பெயரைத் திருப்பித் தருகிறது. அந்த முகவரிக்கு என் ஸ்கிரிப்ட் போனால், போய்ச் சேரவேண்டிய இடத்துக்கே போய்ச் சேருகிறது. ஒரு ஹெட்டரையும் திருத்தவில்லை. நேற்று பொய்யாக இருந்த அதே பதில், ஓர் எழுத்துகூட மாறாமல், இன்று உண்மை. குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தைத் திறந்தால், அங்கே லோக்கல்ஹோஸ்ட்:9222 என்று முன்பே எழுதிவைத்திருக்கும் இடத்தில் செர்வரின் தாவல்கள் தாமாகவே வரிசையாக வந்து நின்றன, பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்தவை போல.

ரசீது

ரசீது அச்சானபின் தாவலை மூடாமல் விடும்படி ஒரு வரி மாற்றிவிட்டு, அந்தத் தாவலில் டெவ்டூல்ஸைத் திறந்து, பக்கத்தைப் புதுப்பித்தேன். நெட்வொர்க் பட்டியலில் எல்லாம் கறுப்பு, ஒன்று மட்டும் சிவப்பு. எழுத்துருக் கோப்புதான். இணைப்பு மறுக்கப்பட்டது. சுட்டியை அதன் மேல் வைத்தேன்.

லோக்கல்ஹோஸ்ட்:3000.

அக்கா சிரித்தது அலுவலகம் முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில், எழுத்துரு எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரியில், எழுதும்போது கண்ணெதிரே இருந்த முகவரியை முழுசாக எழுதிவைத்திருக்கிறேன். என் மடிக்கணினியில் ரசீதுப் பக்கமும் 3000இல், எழுத்துருவும் 3000இல், எல்லாம் இங்கேதான். செர்வரில் குரோம் தனிக் கன்டெய்னர். அதன் இங்கேயில் 3000இல் யாரும் இல்லை. தட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பி, கையில் இருந்த எழுத்துருக்களைக் கொண்டு சமாளித்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு அந்தச் சமாளிப்பு போதும். தமிழுக்குக் கையில் ஒன்றும் இல்லை, கட்டம் போட்டுவிட்டது. ஒரு லாகிலும் ஒரு வரி இல்லை, ஏனென்றால் எழுத்துரு கிடைக்காவிட்டாலும் உலாவி பக்கத்தை நிறுத்தாமல் வரைந்து முடித்துவிடும். முதல் நாளே கன்டெய்னரில் தமிழ் எழுத்துருவைப் போட்டிருந்தால் புகார் அன்றே அடங்கியிருக்கும், இந்த வரி இன்னும் அங்கேயே கிடந்திருக்கும். முகவரியில் பாதையை மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று நோட்டோ தமிழ் எழுத்துருவையும் கன்டெய்னரில் ஏற்றினேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அக்காவுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. குரோம் அந்த ஜேசனில் முழு முகவரி கொடுக்காமல் வெறும் பாதையை மட்டும் கொடுத்திருந்தால், எந்த வழியாக வந்தோமோ அதே வழியில் திரும்பியிருக்கலாம். அல்லது வெளியே உன் பெயர் இது என்று நாம் சொல்லிவைக்க ஓர் இடமாவது இருக்கலாம், எத்தனையோ செயலிகளில் இருக்கிறதே. சாப்பாட்டு நேரத்தில் இதை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். "அது வெளிய வரவேண்டிய சாமானே இல்லீங்க தம்பி, அதுக்கெதுக்கு வெளிய ஒரு பேரு" என்பார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் சுரங்கம் போட அனுமதி இல்லாத இடங்களில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டால் ரசத்தை ஊற்றிக்கொள்வார்.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் சேர்த்து மறுபார்வைக்கு அனுப்பினேன். மூன்று நாள் வேலையில் மிஞ்சியது சிஎஸ்எஸ்ஸில் வெட்டிய அரை வரி, ஓர் எழுத்துரு, சோகேட், டாக்கரில் மாற்றிய ஒரு வரி, அழித்த ஓர் என்ஜின்எக்ஸ் பாதை. அக்கா ஒரே ஒரு குறிப்புதான் எழுதியிருந்தார், அழித்த வரிகளுக்குப் பக்கத்தில்: "அந்தப் பாஸ்வேர்டயும் மாத்திருங்க. வேற எங்கயும் அதையேதான் வெச்சிருப்பீங்க."

வைத்திருந்தேன். நாலு இடத்தில்.